யோனி பிராக்கிதெரபி: கணினிக்கு முன்பே தொடங்கிவிடும் திட்டமிடல்

கதிர்சிகிச்சைத் துறையில் புதிதாகச் சேரும் மருத்துவ இயற்பியலாளரின் கையில் முதலில் கொடுக்கப்படும் பிராக்கிதெரபி (கதிர்மூலத்தை உடலுக்குள்ளேயே வைத்துத் தரும் கதிர்சிகிச்சை) திட்டம் பெரும்பாலும் யோனிக்குள் செலுத்தும் உருளைக் கருவியான யோனி சிலிண்டராகத்தான் இருக்கும். நடுவில் ஒரே ஒரு குழல், நேர்கோட்டில் கதிர்மூலம் நின்று நின்று செல்லும் ஒரு டஜன் தங்குமிடங்கள், அவ்வளவுதான். மென்பொருளின் முன் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் எழுந்துவிடலாம். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். "இது சுலபம், நீயே செய்துவிடு" என்றார் என் மூத்தவர். நான் செய்தேன். ஒரே கதிரளவு பெறும் இடங்களை இணைக்கும் கோடுகள் அழகாக வந்தன. ஆனால் அந்தச் சிலிண்டர் நோயாளியின் உடலில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. அவர்தான் படத்தைப் பெரிதாக்கி, உச்சியில் இருந்த கறுப்புப் பிறையைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பிறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சையின் தரத்தைத் தீர்மானிப்பவை சிலிண்டரின் அளவு, அது திசுவைத் தொடும் விதம், அதன் சாய்வு, கதிர் கொடுக்கும் நீளம் ஆகிய நான்கும். நான்கும் கணினியைத் திறப்பதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன. அங்கே நேர்ந்த பிழையை மென்பொருள் திருத்தாது. பிழையின் மீதே சீரான கோடுகளை வரைந்து தரும். ஆகவே இந்த வழிகாட்டியில் கணினிக்கு வெளியே உள்ள படிகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கருப்பை உட்படலப் புற்றுநோய்க்காகக் கருப்பை அகற்றப்பட்ட பிறகு, இரிடியம்-192 கதிர்மூலத்தைக் கொண்டு உயர் கதிரளவு வீதத்தில், அதாவது குறுகிய நேரத்தில் அதிகக் கதிராக, தரும் சிகிச்சையே இங்கே அடிப்படை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் தரும் கூடுதல் தவணைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: கோப்பை முழுதாகப் படியுங்கள்

பரிந்துரைத் தாளை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். அறுவை எப்போது நடந்தது, யோனியின் மேல்பகுதி எவ்வளவு அகற்றப்பட்டது, நோயியல் அறிக்கையில் கருப்பைத் தசைக்குள் எவ்வளவு ஆழம் ஊடுருவல் இருந்தது, கட்டியின் வகையும் தரமும் என்ன, வெட்டு விளிம்பில் நோய் உண்டா, இடுப்புப் பகுதிக்கு வெளிக்கதிர் சிகிச்சை கொடுக்கப்பட்டதா, கொடுத்தால் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கடைசிக் கேள்வியின் பதில் தவறாகப் போனால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

சிலிண்டர் சிகிச்சை மட்டும் போதுமா என்ற கேள்விக்கு வலுவான விடை தந்தது நெதர்லாந்தில் நடந்த போர்டெக்-2 ஆய்வு. 427 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். முடிவுகள் 2010இல் வெளிவந்தன. ஐந்து ஆண்டுகளில் யோனியில் நோய் திரும்பியது பிராக்கிதெரபி பெற்றவர்களில் 1.8 சதவீதம், வெளிக்கதிர் பெற்றவர்களில் 1.6 சதவீதம். குடல் சார்ந்த தொல்லைகள் பிராக்கிதெரபியில் தெளிவாகக் குறைவு. அந்த ஆய்வில் உயர் கதிரளவு வீதச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தரப்பட்டது 7 கிரே (திசு உறிஞ்சும் கதிரளவின் அலகு) வீதம் மூன்று தவணை, சிலிண்டரின் பரப்பிலிருந்து 5 மி.மீ. ஆழத்தில்.

தையல் ஆறியிருக்க வேண்டும். அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்களில் தொடங்குவது வழக்கம். பன்னிரண்டு வாரங்களைத் தாண்டவிடுவது நல்லதல்ல.

படி 2: விரலால் பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு முறையும் சிலிண்டரைச் செலுத்துவதற்கு முன் மருத்துவர் விரலால் பரிசோதித்து, யோனியின் மேல்முனை மூடி ஆறியிருக்கிறதா, ஏதேனும் தடிப்பு உண்டா, எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். இயற்பியலாளரும் அப்போது அருகில் இருந்தால் நல்லது. அறிக்கையில் "3 செ.மீ. சிலிண்டர்" என்று படிப்பதும், அது எவ்வளவு தளர்வாக நிற்கிறது என்று நேரில் பார்ப்பதும் வேறு வேறு.

விதி சுருக்கமானது: நோயாளிக்கு வலிக்காமல் நுழையக்கூடியவற்றில் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுங்கள். சிலிண்டர்கள் பொதுவாக 2 முதல் 4 செ.மீ. விட்டம் வரை கிடைக்கின்றன. பெரிய சிலிண்டர் சளிச்சவ்வின் மடிப்புகளை விரித்துப் பரப்போடு ஒட்ட வைக்கிறது. கதிர்மூலம் சளிச்சவ்விலிருந்து தள்ளியும் நிற்கிறது. இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு கனமானது என்பதைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும்.

4 செ.மீ. நீளமுள்ள ஒரு சீரான கோட்டு மூலம் என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. ஆழத்தில் 7 கிரே கொடுக்கிறோம். பரப்பில் எவ்வளவு விழும்? 2 செ.மீ. விட்டச் சிலிண்டரில் சுமார் 12.5 கிரே. 3 செ.மீ. விட்டத்தில் சுமார் 11. 3.5 செ.மீ. விட்டத்தில் 10.6. பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும். இதையே மூன்று தவணைக்கும் சேர்த்து, ஆல்ஃபா-பீட்டா விகிதம் (ஒரு தவணையின் அளவு மாறுவது திசுவை எவ்வளவு பாதிக்கும் என்று காட்டும் எண்) 3 என்று கொண்டு, 2 கிரே தவணைக்கு நிகரான அளவாக மாற்றிப் பாருங்கள். 2 செ.மீ. சிலிண்டரில் சளிச்சவ்வுக்கு 116 கிரே, 3 செ.மீ. சிலிண்டரில் 92; 3.5இல் 86.5. ஒரே பரிந்துரை, ஒரே தாள், ஒரே கையெழுத்து. சிலிண்டரை மட்டும் சிறியதாக எடுத்ததற்கு அந்தப் பெண்மணியின் சளிச்சவ்வு கொடுக்கும் விலை முப்பது கிரே. உண்மைத் திட்டத்தில் தங்குநேரங்கள் சீராக இராது என்பதால் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

குறுகிய யோனியில் 2 செ.மீ. மட்டுமே நுழைகிறது என்றால் வலுக்கட்டாயம் கூடாது. அப்போது பரிந்துரையையே மறுபடி யோசிக்கச் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும். பரப்பில் பரிந்துரைக்கும் முறைகள் இதற்காகவே கைவசம் உள்ளன.

படி 3: செலுத்துதல், நிலைநிறுத்துதல்

மயக்க மருந்து பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் விளக்கம் கட்டாயம் தேவை. என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க வேண்டும், கதிர் பாயும்போது ஒன்றும் உணராது, அறையில் தனியாக இருந்தாலும் கேமராவில் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்போம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தசைகள் தளர்கின்றன. இறுகிய தசை சிலிண்டரை மெல்ல வெளியே தள்ளும். ஆகவே விளக்கம் சொல்வதும் திட்டத்தின் துல்லியத்தைச் சேர்ந்த வேலைதான்.

இப்போது அந்தக் கறுப்புப் பிறை. சுகாதாரத்துக்காகச் சிலிண்டரின் மேல் ஆணுறை மாட்டுகிறோம். ஆணுறையின் நுனியில் ஒரு சிறு பை உண்டு. அதிலுள்ள காற்றை வெளியேற்றாமல் மாட்டினால் அந்தக் குமிழ் நேராகச் சிலிண்டரின் உச்சியில் போய் உட்காரும். நோய் திரும்ப அதிக வாய்ப்புள்ள இடமும் அதே உச்சிதான். நுனியைத் திருகிப் பிடித்துக் காற்றை வெளியேற்றி, உள்ளே சிறிது ஜெல் தடவி, இறுக்கமாக இழுத்து மாட்டுவது இரண்டு நொடி வேலை. என் முதல் திட்டத்தில் அந்த இரண்டு நொடி விடுபட்டிருந்தது.

சிலிண்டர் மேசைக்கு இணையாக இருக்கட்டும். வெளிமுனை மேலே தூக்கியிருந்தால் உள்முனை கீழிறங்கி மலக்குடலை நோக்கிப் போகும். உறுதியான தாங்கியில் பொருத்தி, வெளியே தெரியும் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். படுக்கையை மாற்றினாலும் கால்களை நீட்டினாலும் அந்த எண்ணைத் திரும்ப அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நழுவல் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அளவுகோலுக்குத் தெரியும்.

படி 4: சி.டி. ஸ்கேன்

முதல் தவணைக்காவது சி.டி. எடுத்தே திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெட்டுகளின் தடிமன் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். சிறுநீர்ப்பை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று உங்கள் மையம் ஒரு முறையை வகுத்திருக்கும். அது எதுவானாலும் எல்லாத் தவணையிலும் அதேபோல இருக்கட்டும். மலக்குடல் காலியாக இருப்பது நல்லது.

படம் வந்ததும் உடனே திட்டமிட உட்கார வேண்டாம். நோயாளி மேசையில் இருக்கும்போதே பக்கவாட்டுக் காட்சியில் சிலிண்டரின் உச்சி யோனியின் மேல்முனையைத் தொடுகிறதா என்று பாருங்கள். சுற்றிலும் காற்று இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். யோனியின் நிணநாளங்களில் பெரும்பான்மை பரப்பிலிருந்து 3 மி.மீ.க்குள் இருக்கின்றன. காற்று 3 மி.மீ. தள்ளிவிட்டால், 5 மி.மீ.க்கு வரைந்த கோடு உண்மையில் திசுவுக்குள் 2 மி.மீ.தான் போகிறது. அதாவது நாம் குறிவைத்த நாளங்களில் ஒரு பகுதி கோட்டுக்கு வெளியே நிற்கிறது. இடைவெளி கண்டால் அதைச் சுற்றித் திட்டத்தை வளைப்பதைவிட, சிலிண்டரை எடுத்து மறுபடி பொருத்துவதோ அடுத்த பெரிய அளவை மாட்டுவதோ மேல். மருத்துவர் கிளம்பிவிட்டார், அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்பதெல்லாம் நியாயமான காரணங்களே; இருந்தும் திரும்பக் கூப்பிடுங்கள்.

படி 5: உறுப்புகளை வரைதல்

சிறுநீர்ப்பை, மலக்குடல், சிக்மாய்டு (மலக்குடலுக்கு மேலுள்ள பெருங்குடல் வளைவு), அருகில் வந்து நிற்கும் சிறுகுடல் ஆகியவற்றை வெளிச்சுவர் வழியாக வரையுங்கள். இலக்கு, சிலிண்டரின் பரப்பிலிருந்து 5 மி.மீ. தடிமனுள்ள உறை, மேலே 3 முதல் 5 செ.மீ. நீளம். கருப்பை நீக்கத்துக்குப் பிறகு குடல் சுருள்கள் யோனியின் மேல்முனைமீது படிந்திருப்பது சாதாரணம். அதை விட்டுவிட்டு மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் மட்டும் வரைந்து "எல்லாம் வரம்புக்குள்" என்று எழுதுவதில் பொருளில்லை.

படி 6: குழலை மீட்டுருவாக்குதல்

மொத்த வேலையிலும் சத்தமில்லாமல் கெடுவது இந்தப் படிதான். சிலிண்டருக்குள் கதிர்மூலம் எங்கே முதலில் நிற்கும் என்பதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். குழலின் முனையும் கதிர்மூலத்தின் மையமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் உண்டு, சிலிண்டருக்குச் சிலிண்டர் அது மாறும். உற்பத்தியாளர் தந்த எண்ணை அப்படியே நம்பாமல், பயன்பாட்டுக்கு எடுக்கும்போதே கதிர் பதியும் ஃபிலிம் வைத்துச் சரிபார்த்து அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். மென்பொருளில் சிலிண்டரின் மாதிரிகள் சேமித்திருந்தால் கையால் புள்ளி வைப்பதைவிட அதையே பயன்படுத்துங்கள்; விட்டம் சரியான மாதிரிதானா என்று மட்டும் பாருங்கள்.

கதிர்மூலத்தை வைத்திருக்கும் கருவியைச் சிலிண்டரோடு சேர்க்கும் இணைப்புக் குழாயின் நீளம் இன்னொரு கண்ணி. பதிவுசெய்த நீளம் உண்மையைவிட 1 செ.மீ. குறைவாக இருந்தால் கதிர்மூலம் 1 செ.மீ. முன்னதாகவே நின்றுவிடும். மேல்முனைக்குப் போதாமலும், தேவையில்லாத கீழ்ப்பகுதிக்கு அதிகமாகவும் கதிர் விழும். திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

தங்குமிடங்களுக்கு இடையே 5 மி.மீ. இடைவெளி போதும், 2.5 மி.மீ. வைத்தால் கோடுகள் இன்னும் மிருதுவாக வரும்.

படி 7: பரிந்துரையும் சமன்செய்தலும்

எவ்வளவு கிரே என்று கேட்பதற்கு முன் எந்த ஆழத்தில் என்று கேளுங்கள். "7 கிரே, மூன்று தவணை" என்று மட்டும் எழுதிய தாள் முழுமையான பரிந்துரை அல்ல. பரவலாகப் புழங்கும் மூன்று முறைகளை ஒப்பிட்டால் புரியும். 5 மி.மீ. ஆழத்தில் 7 கிரே வீதம் மூன்று. பரப்பில் 6 கிரே வீதம் ஐந்து. பரப்பில் 4 கிரே வீதம் ஆறு. பின்னிரண்டிலும் சளிச்சவ்வுக்குக் கிடைப்பது, 2 கிரே தவணைக்கு நிகராக, ஆல்ஃபா-பீட்டா 3இல் முறையே 54 கிரேயும் 33.6 கிரேயும். முதல் முறையில் 3 செ.மீ. சிலிண்டருக்கு 92 என்று மேலே பார்த்தோம். 5 மி.மீ.க்கு எழுதியதை யாரோ பரப்புக்கு என்று படித்தாலோ, மாறாகப் படித்தாலோ என்ன நடக்கும் என்று நானே விவரிக்கத் தேவையில்லை.

வெளிக்கதிர் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால் கணக்கு வேறு. 45 கிரே, 25 தவணையில் என்றால் அதன் நிகர அளவு ஆல்ஃபா-பீட்டா 3இல் 43.2. அதன்மேல் பரப்பில் 6 கிரே வீதம் மூன்று தவணை 32.4 சேர்க்கும். மொத்தம் 75.6. படி 1இல் கோப்பைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சமன்செய்யும் புள்ளிகளை, அதாவது பரிந்துரைத்த அளவைக் கணினி எட்ட முயல வேண்டிய இடங்களை, சிலிண்டரின் இருபக்கமும் பரிந்துரை ஆழத்தில் 5 மி.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். உச்சியின் வளைவிலும் தொடர்ந்து வையுங்கள். நேர் மேலே, அச்சின் மீதுள்ள புள்ளிதான் தகராறு செய்யும். கதிர்மூலம் ஒரு சிறு கம்பி. தன் நீளவாக்கில் தன் கதிரைத் தானே ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அச்சின் திசையில் கதிரளவு குறையும். அந்த ஒரு புள்ளிக்கு முழு அளவு வேண்டும் என்று கணினியை நெருக்கினால், முனையிலுள்ள ஓரிரு தங்குமிடங்களில் நேரத்தைக் குவிக்கும். உச்சியில் குறை தீரும், சிலிண்டரின் உச்சி வளைந்து பக்கமாக இறங்கும் தோள்பட்டையில் சூடு (அதிகக் கதிர்) ஏறும், கோடு எலும்புத் துண்டுபோல் இருமுனையிலும் பருக்கும். நான் அச்சுப் புள்ளிக்கு மற்றவற்றைவிடக் குறைந்த எடை கொடுப்பேன். அங்கே சற்றுக் குறைந்தாலும் தோள்பட்டை சீராக இருப்பதையே விரும்புவேன். தையல் முனைகள் இருபக்கமும் அந்தத் தோள்பட்டைகளில்தான் இருக்கின்றன.

கீழ்முனையில் நீளத்தை மீறாதீர்கள். யோனியின் கீழ்ப்பகுதியும் சிறுநீர்த்தாரையும் கதிரைத் தாங்குவதில் மேல்பகுதியைவிட மென்மையானவை. "எதற்கும் இருக்கட்டும்" என்று கூட்டும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தெளிவான காரணம் வேண்டும்.

படி 8: மதிப்பிடுதல்

ஒவ்வொரு உறுப்பிலும் அதிகம் வாங்கும் 2 கன செ.மீ. எவ்வளவு பெறுகிறது என்று எழுதுங்கள். வெளிக்கதிரும் சேர்ந்திருந்தால், கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து கடன்வாங்கிய வரம்புகள் உதவும்: மலக்குடலுக்கும் சிக்மாய்டுக்கும் 75 கிரே, சிறுநீர்ப்பைக்கு 90 கிரே, எல்லாம் 2 கிரே நிகர அளவில். மலக்குடல் கூடுதலாக வாங்குகிறது என்றால் முதலில் சாய்வைப் பாருங்கள், பிறகு மலக்குடல் காலியா என்று பாருங்கள். தங்குநேரத்தைக் குறைப்பது மூன்றாவது வழி. ஒற்றைக் குழல் சிலிண்டரில் ஒருபக்கம் குறைத்தால் எதிர்ப்பக்கமும் குறையும். பல குழல் சிலிண்டர் இருந்தால் ஒருபக்கமாக வளைக்கலாம். ஆனால் ஓரத்துக் குழல்கள் சளிச்சவ்வை ஒட்டியே ஓடுவதால், மலக்குடலைக் காப்பாற்றப் போய் சளிச்சவ்வில் சுடுபுள்ளி உருவாக்கிவிடக் கூடாது.

மேல்முனையில் எஞ்சிய கட்டி 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சிலிண்டர் அதற்கான கருவியே அல்ல. திசுவுக்குள் ஊசி செலுத்தும் முறைக்குப் போக வேண்டும். சிலிண்டரை வைத்துக்கொண்டு ஆழத்தை 10 மி.மீ. என்று மாற்றி எழுதுவது சளிச்சவ்வைப் பொசுக்கும் வேலை.

படி 9: இன்னொருவர் சரிபார்த்தல்

இரிடியம்-192இன் அரையாயுள் 73.8 நாள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் தேய்கிறது. புதுக் கதிர்மூலத்தில் 300 நொடி எடுத்த அதே திட்டம் 30 நாள் கழித்து 398 நொடி எடுக்கும். தேதி தவறாகப் பதிந்தால் நேரம் அத்தனையும் தவறு. கோபால்ட்-60 வைத்திருப்பவர்களுக்கு அரையாயுள் 5.27 ஆண்டு என்பதால் இந்த அவசரம் இல்லை.

ஒவ்வொரு சிலிண்டர் அளவுக்கும் நீளத்துக்கும், மொத்தத் தங்குநேரத்தையும் கதிர்மூலத்தின் வலிமையையும் பெருக்கினால் எவ்வளவு வர வேண்டும் என்று ஓர் அட்டவணை தயாரித்து வையுங்கள். திட்டம் அதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். திட்டம் போட்டவரே இதைச் செய்யக் கூடாது. விட்டம், நீளம், ஆழம், தவணை எண், கதிர்மூலத் தேதி ஆகிய ஐந்தையும் இரண்டாமவர் வாய்விட்டுப் படிக்கட்டும்.

படி 10: சிகிச்சை நாள்

வெளியே தெரியும் நீளத்தை மறுபடி அளந்து, இணைப்பை இழுத்துப் பார்த்து, கதிர்மூலம் இல்லாத சோதனைக் கம்பியான போலிக் கம்பி ஓடி முடிந்த பிறகே கதிர்மூலத்தை அனுப்புங்கள். முடிந்ததும் கையில் கதிர்மானியுடன் உள்ளே நுழையுங்கள். 1992இல் பென்சில்வேனியாவில் ஒரு சிகிச்சையின்போது கம்பி முறிந்து கதிர்மூலம் நோயாளியின் உடலுக்குள் தங்கிவிட்டது. அறையின் எச்சரிக்கைக் கருவி அடித்தது. அதுதான் பழுது என்று நினைத்துப் பணியாளர்கள் பொருட்படுத்தவில்லை. அந்த நோயாளி சில நாட்களில் இறந்தார். கையிலிருந்த கதிர்மானியால் ஒருமுறை அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த தவணைகளுக்குப் புதுத் திட்டம் வேண்டுமா? அதே விட்டம், அதே நீளம், அதே சாய்வு என்றால் முதல் திட்டத்தையே தேய்மானத்துக்குத் திருத்திப் பயன்படுத்தலாம். பல மையங்களில் அதுவே வழக்கம். ஆனால் சிலிண்டரின் இருப்பை ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு படத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டாவது வாரத்தில் வீக்கத்தால் சிறிய சிலிண்டர்தான் நுழைகிறது என்றால் பழைய திட்டம் செல்லாது. மருத்துவர் அறையிலிருந்து "அளவை மாற்றிவிட்டோம்" என்று யாரும் தானாக வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சிகிச்சைத் தாளின் மேல்விளிம்பில் விட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு தவணைக்கும் செலுத்தியவரின் கையெழுத்தை அதன் கீழேயே வாங்குங்கள். கடைசித் தவணைத் தாளில் இன்னொரு வரிக்கும் இடம் விடுங்கள்: யோனி ஒட்டிச் சுருங்காமலிருக்க விரிப்பான் பயன்படுத்தும் முறையை அவருக்குச் செவிலியர் காட்டிவிட்டாரா, எந்த அளவு கொடுக்கப்பட்டது என்று.